பின்லாந்தில் பாசிசம் ஏன் தோற்றது?

ஜனநாயகத்துக்குள் பாசிசம் எப்படி வளர்கிறது என்று பேச ஆரம்பித்தாலே எல்லோரும் நேராக ஜெர்மனிக்குப் போய்விடுகிறோம். ஜெயித்த இடத்தை மட்டும் பார்த்தால் அது எதனால் ஜெயித்தது என்பது பிடிபடாது, தோற்ற இடத்தையும் பார்க்க வேண்டும். அதற்குப் பின்லாந்து நல்ல உதாரணம், ஏனென்றால் அங்கே அது கிட்டத்தட்ட ஜெயித்துவிட்டது.

1917இல் விடுதலை, 1918இல் உள்நாட்டுப் போர். இடதுசாரிச் சிவப்பு அணியும் வலதுசாரி வெள்ளை அணியும் மோதியதில் 30,000 பேருக்கு மேல் செத்தார்கள், வெள்ளை அணி வென்றது. அந்தக் காயம் ஆறுவதற்குள், 1929 நவம்பரில் லாபுவா என்ற ஊரில் சிவப்புச் சட்டையோடு கூட்டம் போட வந்த கம்யூனிஸ்ட் இளைஞர்களை உள்ளூர்க்காரர்கள் அடித்து விரட்ட, அதிலிருந்து கிளம்பியதுதான் விஹ்தோரி கொசோலா என்ற விவசாயி தலைமையிலான லாபுவா இயக்கம். அவர்களுடைய வேலைமுறை ஆள்கடத்தல்: பிடிக்காத ஆளைக் காரில் தூக்கிப்போட்டு, அடித்து உதைத்து, சோவியத் எல்லைக்குக் கொண்டுபோய்த் தள்ளிவிடுவது. 1930இல் மட்டும் நூற்றுக்கணக்கில் இப்படி நடந்தது, சிலர் கொல்லப்பட்டார்கள்.

கவனிக்க வேண்டியது கடத்தியவர்களை அல்ல, அவர்களுக்குப் பக்கத்தில் இருந்த கண்ணியமான வலதுசாரிகளை. ஏதோ தேசபக்தி கொஞ்சம் எல்லை மீறிவிட்டது, நோக்கம் நல்லதுதானே என்கிற தொனியில்தான் அவர்களில் பலர் அதை எடுத்துக்கொண்டார்கள். அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் இந்த மாதிரி ஆட்களைப் பாதி விசுவாசிகள் என்ற பொருளில் வகைப்படுத்தினார். ஜனநாயகத்தை வெளிப்படையாக எதிர்க்கமாட்டார்கள், ஆனால் எதிர்ப்பவன் தங்களுக்குப் பயன்படுவான் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால் பாசிஸ்டுகளின் எண்ணிக்கையைவிட இவர்களுடைய எண்ணிக்கைதான் முக்கியம்.

1930 ஜூலையில் 12,000க்கும் மேற்பட்ட லாபுவா ஆட்கள் ஹெல்சிங்கிக்கு ஊர்வலம் வந்தபோது ஜனாதிபதியும் பிரதமர் ஸ்வின்ஹுஃப்வுடும் நேரில் நின்று வரவேற்றார்கள். அந்த ஆண்டே இயக்கம் கேட்டபடி கம்யூனிஸ்டுகளை ஒடுக்கும் சட்டங்களும், கூடவே குடியரசுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் நிறைவேறின. அக்டோபரில், நாட்டின் முதல் ஜனாதிபதியாக இருந்த ஸ்டால்பெர்க்கையே மனைவியோடு கடத்திக் கிழக்கே யோன்சு நகர் வரை கொண்டுபோனார்கள். இதில்தான் பலருக்கு முகம் சுளித்தது. ஆனாலும் 1931 ஜனாதிபதித் தேர்தலில் அதே ஸ்டால்பெர்க்கை 151க்கு 149 என்று தோற்கடித்து வந்தவர், லாபுவாவின் ஆதரவு பெற்ற ஸ்வின்ஹுஃப்வுட்! இனி எல்லாம் நம் கையில் என்று இயக்கம் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

1932 பிப்ரவரி கடைசியில் மன்ட்சாலா என்ற ஊர்ப் பக்கம் ஒரு சோசலிஸ்ட் கூட்டத்தை ஆயுதத்தோடு வந்து கலைத்தார்கள், அங்கிருந்தே அரசாங்கம் பதவி விலக வேண்டும் என்று கலகமாக வளர்த்தார்கள். ஸ்வின்ஹுஃப்வுட் தங்கள் ஆள் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. அவரோ மார்ச் 2 அன்று வானொலியில் பேசினார்: சட்டத்தை மிதிக்க விடமாட்டேன், சாதாரண ஆட்கள் அமைதியாக வீட்டுக்குப் போனால் தண்டனை இல்லை, தலைவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டத்தையும் தலைவர்களையும் பிரித்த பேச்சு அது. சில நாளில் கலகம் கலைந்தது, இயக்கமும் தடை செய்யப்பட்டது, அதுவும் எந்தச் சட்டத்தில்? அதே குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தில்தான்.

பத்து வருடம் முன்னால் இத்தாலியில் இதே தருணம் வந்தது. 535 இடம் கொண்ட சபையில் முசோலினி கட்சிக்கு இருந்தது 35 இடம்தான், அதையும் 1921 தேர்தலில் பிரதமராக இருந்த ஜொலிட்டி தன் தேர்தல் கூட்டணியில் சேர்த்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தார். 1922 அக்டோபர் 28 அன்று, முசோலினியின் ஆட்கள் ரோமை நோக்கித் திரண்டு வந்தபோது, அமைச்சரவை ராணுவச் சட்ட ஆணையைத் தயாராக வைத்திருந்தும் மன்னர் கையெழுத்துப் போட மறுத்தார். அவ்வளவுதான், முசோலினி பிரதமர்.

சரி, பின்லாந்தில் கதை அதோடு முடிந்ததா என்றால் இல்லை. லாபுவா ஆட்கள் ஐகேஎல் (தேசபக்த மக்கள் இயக்கம்) என்ற கட்சியாகத் திரும்பி வந்தார்கள். பழமைவாத தேசியக் கூட்டணிக் கட்சி 1933இல் அவர்களோடு சேர்ந்து போட்டியிட்டது. பலன்? ஐகேஎல்லுக்கு 14 இடம், 42 இடம் வைத்திருந்த பெரிய கட்சிக்கு வெறும் 18. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்த பாசிகிவி, பழமைவாதி என்றாலும் கணக்குத் தெரிந்தவர், உறவை வெட்டிவிட்டார். 1939இல் அவருடைய கட்சிக்கு 25, ஐகேஎல்லுக்கு 8. இதற்கிடையில் 1937இல் விவசாயிகள் கட்சியும் சோசலிஸ்டுகளும் சேர்ந்து ஆட்சி அமைத்திருந்தார்கள், 1918இன் இரண்டு பக்கமும் ஒரே அமைச்சரவையில்.

1938இல் ஐகேஎல்லைத் தடை செய்யப் பார்த்தபோது நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. 1941 ஜனவரியில், ஜெர்மனி பக்கம் நின்று போருக்குப் போவதற்குச் சில மாதம் முன்பே, அந்தக் கட்சிக்கு ஒரு அமைச்சர் பதவிகூடக் கிடைத்தது, 1943 வரை. கடைசியில் அதைக் கலைத்தது 1944இல் சோவியத்தோடு போட்ட போர்நிறுத்த ஒப்பந்தம்.