90 என்றால் 90 இல்லை

வீடியோ கேம் திரையில் 90 என்று காட்டுகிறது. உங்கள் வில்லாளி அம்பு விட்டால் எதிரி மேல் பட 90 சதவீத வாய்ப்பு. அவனோ குற்றுயிராக நிற்கிறான், ஓர் அம்பு போதும். விடுகிறீர்கள், தவறிவிடுகிறது. அடுத்து அவன் முறை. கோடரியை வீசுகிறான், வில்லாளி விழுகிறாள். ஃபயர் எம்ப்ளம் என்ற போர் விளையாட்டு வரிசையின் பழைய ஆட்டங்களில் விழுந்தவர் விழுந்தவர்தான். அடுத்த போரில் எழுந்து வரமாட்டார். ஏழெட்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து வளர்த்த ஆள்!

இப்படி ஒரு தடவை நடந்தால் போதும், "இந்த கேம் ஏமாற்றுது" என்று கத்தத் தோன்றும். நானும் கத்தியிருக்கிறேன். ஏமாற்றுவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக.

ஜப்பானின் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1990இல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் என்ற வீட்டு வீடியோ கேம் கருவிக்காக இந்த வரிசையைத் தொடங்கியது. அப்போது கணக்கு நேர்மையானது. 0 முதல் 99 வரை ஏதோ ஓர் எண்ணைக் கருவி எடுக்கும். அது 90க்குக் கீழே இருந்தால் அம்பு படும், இல்லையென்றால் படாது. 2002இல் கையடக்கக் கருவியான கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த விளையாட்டில் இது மாறியது. ஒன்றுக்குப் பதில் இரண்டு எண்களை எடுத்து, அவற்றின் சராசரியைத் திரையில் காட்டிய எண்ணோடு ஒப்பிடத் தொடங்கினார்கள். விளையாடுபவரிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டு எண்ணுக்கு மாறினால் என்ன ஆகும் என்பது தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை என நான்கு பக்கங்கள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். கூட்டுத்தொகை மூன்று வர நான்கு வழிகள் உண்டு; ஆறு வர ஒரே வழி, இரண்டிலும் மூன்று விழ வேண்டும். பன்னிரண்டுக்கும் ஒரே வழிதான், இரண்டும் வெறுமையாக விழ வேண்டும். நடுவில் இருப்பவை அடிக்கடி வரும், ஓரத்தில் இருப்பவை அபூர்வம்.

நம் வில்லாளிக்கும் இதே கதைதான். அம்பு தவற வேண்டுமென்றால் சராசரி 90ஐத் தொட வேண்டும், அதாவது இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் பெரிதாக வர வேண்டும். மொத்தம் 10,000 ஜோடிகள். அவற்றில் 190 ஜோடிகளுக்குத்தான் அம்பு தவறும். ஆக, 90 என்று காட்டினால் உண்மையில் 98.1 சதவீதம். 80 என்றால் 92.2. கீழ்ப்பக்கம் இது தலைகீழ்: 20 என்று காட்டுவது உண்மையில் 8.2தான், 10 என்பது வெறும் 2.1. நம் வீரர்களுக்குப் பெரும்பாலும் 50க்கு மேலேயும், நம்மைத் தாக்க வரும் சாதாரண எதிரிகளுக்கு அதற்குக் கீழேயும் எண் காட்டுவதால் லாபம் நம் பக்கம்.

இந்தப் பொய் ஏன் இனிக்கிறது? 90 என்று கேட்டால் நம் மனது "பட்டே தீரும்" என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு போரில் 40 அம்பு விட்டால், நேர்மையான கணக்குப்படி நான்கு தவறும். அந்த நான்கும்தான் ராத்திரி படுத்தபிறகும் நினைவில் நிற்கும், பட்ட 36 அல்ல. 100 ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட 100 ரூபாய் தொலையும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். செத்தவர் திரும்பாத விளையாட்டில் அந்த வலி இன்னும் கூர்மை. இரண்டு எண் கணக்கு, திரையில் உள்ள எண்ணை நம் மனக்கணக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மூன்று மடங்கு சேதம் தரும் கிரிட்டிகல் அடிக்கு மட்டும் ஒற்றை எண்தான். அங்கே 3 என்றால் நிஜமாகவே 3. அனுபவசாலிகள் எதிரியின் கிரிட்டிகல் எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

மற்றதெல்லாம் மனக்கணக்கு. தாக்கும் பலத்திலிருந்து தற்காப்பைக் கழித்தால் சேதம். வேகம் நான்கு கூடுதலாக இருந்தால் இரண்டு அடி. வாள் கோடரியை வெல்லும், கோடரி ஈட்டியை, ஈட்டி வாளை. 240க்கு 160 புள்ளிகள் கொண்ட சின்னத் திரையில், 16 புள்ளி அகலக் கட்டங்களாக, ஒரே சமயத்தில் 15க்கு 10 கட்டங்கள்தான் தெரியும். கைவேகம் தேவையில்லை. நடத்துனர் வந்து டிக்கெட் கேட்டாலும் எதிரி காத்திருப்பான். கையடக்கக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

சரி, அம்பு தவறியதும் கருவியை அணைத்துவிட்டால்? பலிக்காது. ஒவ்வொரு நகர்வையும் கேம் தானே சேமித்துக்கொள்கிறது. அதோடு, கருவி எடுக்கும் எண்கள் உண்மையான பகடை அல்ல. முந்தைய எண்களிலிருந்து அடுத்ததை ஒரு சூத்திரம் பிறப்பிக்கிறது, அந்த வரிசையும் சேமிப்பில் இருக்கும்.

இதிலும் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். வீரனை நகர்த்தும்போது பாதையைக் காட்டும் கோட்டினை அவன் நகரக்கூடிய எல்லைக்கு மேல் இழுத்தால், கேம் தானே ஒரு குறுக்குப் பாதை தேடும். சம தூரத்தில் இரண்டு பாதை இருந்தால் எது என்று முடிவுசெய்ய, அதே வரிசையிலிருந்து எண்ணை எடுக்கும். ஆகவே அம்பு விடும் முன் கோட்டை அப்படியும் இப்படியும் வளைத்து, கெட்ட எண்களை அதில் செலவழித்துவிடுகிறார்கள். வில்லாளி பிழைத்துக்கொள்கிறாள்.