டைட்டானியம்: துருப்பிடிக்காததா, அரிமானம் தாங்குறதா?

டைட்டானியம்னா என்னன்னு கேட்டா 'துருப்பிடிக்காத மெட்டல்'னு உடனே பதில் வரும். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துது, ஏன்னா துருங்கறது இரும்புக்கு வர்றது, செம்புக்கு வந்தா அதுக்குப் பேரு களிம்பு. எந்த உலோகமா இருந்தாலும் சுத்தியிருக்கற தண்ணியோ காத்தோ அமிலமோ அதை மெல்ல மெல்லத் தின்னா அதுக்குப் பொதுவான பேர் அரிமானம். அரிப்புன்னும் சொல்லலாம்தான், ஆனா மண்ணரிப்பும் அதே சொல், சொறியற அரிப்பும் அதே சொல், அதனால தேய்மானம், செரிமானம் வரிசையில அரிமானம்னு பிரிச்சு வச்சது நல்ல வேலை.

சரி, பேருக்கு வருவோம். டைட்டன் மாதிரி பலசாலி, அதான் டைட்டானியம்னு ஒரு கதை சுத்துது, அது அப்படி இல்ல. 1791ல இங்கிலாந்தோட கார்ன்வால்ல வில்லியம் கிரெகர்ங்கற பாதிரியார் கருப்பு மணல்ல ஏதோ புது உலோகம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். 1795ல ஜெர்மனியில கிளாப்ரோத்ங்கற வேதியியலாளர் ரூட்டைல் தாதுல அதையே தனியா கண்டுபிடிச்சு, கிரேக்கப் புராணத்துல பூமித்தாயோட பிள்ளைங்களான டைட்டன்கள் பேரை வச்சுட்டார், குணம் சரியா தெரியாம குணத்தை வச்சு பேர் வைக்கக் கூடாதுங்கறது அவர் எண்ணம் (யுரேனியத்துக்குப் பேர் வச்சதும் இவர்தான்). ரெண்டு பேரும் பாத்தது ஆக்சைடைத்தான், சுத்தமான உலோகத்தை ஹண்டர்ங்கற உலோகவியலாளர் பிரிச்சு எடுத்ததே 1910லதான்.

தமிழ்ல? ட எழுத்துல சொல் தொடங்கக் கூடாதுங்கற இலக்கணப்படி தைட்டானியம்னு எழுதறாங்க, இலங்கைப் பாடநூல் வழக்கு தைத்தேனியம். தனிமத்தோட பேரை இப்படி ஒலிமாத்தி வச்சாலே போதும், புதுசா ஒண்ணு செதுக்க வேண்டியதில்லங்கறது என் கட்சி.

தொழிற்சாலைக்காரங்க இதைத் தேடறது அந்த அரிமான விஷயத்துக்காகத்தான். காத்தோ ஈரமோ பட்டதும் மேல சில நானோமீட்டர் கனத்துல ஒரு ஆக்சைடு படலம் தானா உண்டாகும், கீறினாலும் ஆக்சிஜன் கிடைச்சா உடனே மூடிக்கும். கடல்தண்ணியில இருக்கற குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியா ஓட்டை போடும், இதை அசைக்காது, அதனால கடல்தண்ணியில குளிரவைக்கற மின்நிலைய கண்டென்சர் டியூப், உப்பு நீக்கற பிளான்ட், ஈரமான குளோரின் ஓடற பைப், உப்புக்கரைசல்ல இருந்து குளோரின் எடுக்கற மின்கலத்தோட ஆனோடு (நேர்மின்வாய்) எல்லாத்துலயும் இது இருக்கும். சூடான நீர்த்த அமிலத்துல அந்தப் படலம் தாக்குப்பிடிக்காம போகலாம், அதுக்குன்னு 0.2% அளவுக்கு பல்லேடியம்ங்கற உலோகம் கலந்த கிரேடு 7ங்கற டைட்டானியம் வகை இருக்கு.

ஆனா ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இதைக் கரைச்சுடும். இன்னொரு வேடிக்கை, ஈரமான குளோரினைத் தாங்கற இதே உலோகம் காஞ்ச குளோரின்ல தீயே பிடிக்கும், படலம் திரும்ப உண்டாக தண்ணி இல்லைல்ல. அதனாலதான் 'அரிமானம் ஆகாத'ன்னு எழுதாம 'அரிமானம் தாங்கும்'னு எழுதுங்கன்னு சொல்றேன், எதைத் தாங்கும்னு பக்கத்துலயே போட்டுட்டா இன்னும் நல்லது.