சும்மா நிற்கும் டிரான்ஸ்ஃபோமர் ஏன் கரண்ட் இழுக்கிறது?

கொழும்பு கோட்டைப் பக்கம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடம். 11,000 வோல்ட்டில் வரும் மின்சாரத்தை 400 வோல்ட்டாக இறக்க 1000 கேவிஏ (வோல்ட்டையும் கரண்டையும் பெருக்கி வரும் மொத்த வலுவின் அளவு) டிரான்ஸ்ஃபோமர் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். இரவில் ஒரு லைட்கூட எரியாவிட்டாலும் அது கொஞ்சம் கரண்ட் இழுக்கும், அப்போது அதன் வலுக்காரணி, அதாவது பவர் ஃபாக்டர் (இழுக்கும் மொத்த வலுவில் உண்மையில் செலவாகும் பங்கு, முழுதும் செலவானால் 1), 0.1 அளவுக்குப் படுமோசமாக இருக்கும்.

காரணம் உள்ளே இருக்கும் இரும்புக் கோர். அதில் காந்தப்பாயம், அதாவது ஊடாகப் போகும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறிக்கொண்டே இருந்தால்தான் சுருளில் எதிர்மின்னழுத்தம் பிறந்து வரும் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும். அந்தப் பாயத்தை உண்டாக்குவதே காந்தமாக்கும் கரண்ட். மின்னழுத்தம் பூச்சியமாகும் நேரத்தில்தான் பாயம் உச்சத்தில் இருக்கும் என்பதால் இந்தக் கரண்ட் கால் சுற்று, நமது 50 ஹேர்ட்ஸில் 5 மில்லிசெக்கன், பிந்தி வருகிறது. கோருக்குள் போன சக்தி அடுத்த கால் சுற்றில் அப்படியே வயருக்குத் திரும்பிவிடும். உண்மையில் செலவாவது கோர் சூடாவதற்கான சிறு பங்கு மட்டும்.

சரி, அப்படியானால் வலுக்காரணி குறைவதற்கு டிரான்ஸ்ஃபோமர்தான் குற்றவாளியா? பெரும்பாலும் இல்லை. காந்தமாக்கும் கரண்டை முழுச்சுமைக் கரண்டில் 1.5 வீதம் என்று எடுத்தால் 15 கேவிஏஆர்; கேவிஏஆர் என்பது செலவாகாமல் இப்படிப் போய்த் திரும்பும் வலுவின் அளவு. பகலில் 800 கிலோவாட் ஓடும்போது அது மட்டும் வலுக்காரணியை 1இலிருந்து 0.9998 ஆக்கும், அவ்வளவுதான். அந்தச் சுமையில் சுருள்களின் கசிவுப்பாயம் (ஒரு சுருளில் பிறந்து மற்றதைச் சேராமல் வெளியே போகும் பாயம்) கேட்பதே இதைவிடக் கூட. இரவில் 30 கிலோவாட் மட்டும் ஓடினால், அதே 15 கேவிஏஆர் வலுக்காரணியை 0.9 வரை இழுத்துவிடும். ஆனாலும் பெரிய பாவனையாளர்களின் பில்லில் வருவது உச்சக் கேவிஏ. அது ஏசி எல்லாம் ஓடும் பகலில் பதிவாகும். மீற்றர் 400 வோல்ட் பக்கம் இருந்தால் இந்தக் கரண்ட் அதில் ஏறவே ஏறாது. பில்தான் கவலை என்றால் முதலில் ஏசி, லிஃப்ட், பம்ப் மோட்டர்களைப் பாருங்கள்: இரும்புக்கு நடுவே காற்றிடைவெளி இருப்பதால் மோட்டருக்குக் காந்தமாக்கும் கரண்ட் முழுச்சுமையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போகும்.

இதைச் சரிக்கட்டத்தான் கெப்பாசிட்டர் போடுகிறார்கள். டிரான்ஸ்ஃபோமருக்கு மட்டும் என்றால் எப்போதும் இணைந்திருக்கும் சின்னதொன்று போதும், மோட்டர்களுக்குத் தேவைக்கேற்ப ஏறி இறங்கும் ஒட்டோமெட்டிக் பேங்க், அதாவது கெப்பாசிட்டர்களின் தொகுதி. பெரியதொன்றை நிரந்தரமாக மாட்டினால் இரவில் மின்னழுத்தம் ஏறும், கோர் காந்தப்பாயத்தால் நிரம்பி மேலும் ஏற்க முடியாமல் திணறத் தொடங்கும், அப்புறம் குறைக்க நினைத்த காந்தமாக்கும் கரண்டே கூடிவிடும்.