பெஞ்ச்மார்க்: கல்லில் வெட்டிய கோடும் நம் உரைகல்லும்

மேசைக்கணினியின் பிராசசரையும் மடிக்கணினியின் பிராசசரையும் ஒப்பிடும் பேச்சு எங்கே தொடங்கினாலும், ‘பெஞ்ச்மார்க் என்ன சொல்லுது?’ என்ற கேள்வியில்தான் வந்து நிற்கும். (பிராசசருக்கும் ‘செயலி’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் இன்று அது ஆப்பையும் குறிப்பதால் இங்கே பிராசசர் என்றே எழுதுகிறேன்.)

பெஞ்ச்மார்க் கணினிக்காகப் பிறந்த சொல் இல்லை. நில அளவையாளர்கள் ஓரிடத்தின் உயரத்தை அளந்ததும் பாறையிலோ கட்டடச் சுவரிலோ கிடைமட்டமாக ஒரு கோட்டை உளியால் வெட்டி வைப்பார்கள். அடுத்த முறை வரும்போது அந்த வெட்டில் ஓர் இரும்புக் கோணப்பட்டையைச் செருகினால், அளவு பொறித்த கம்பை நிறுத்த ஒரு சின்னத் திட்டு கிடைத்துவிடும். அந்தத் திட்டுதான் பெஞ்ச்; அதற்கான குறி மார்க். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் புழங்கிய இந்தத் தொழில்சொல், அப்புறம் எதையும் ஒப்பிட உதவும் நிலையான அளவு என்று பொருள் விரிந்தது. கணினித் துறை அதற்கு இன்னொரு பொருளும் தந்தது: ஒப்பிடுவதற்கென்றே எழுதிய சோதனை நிரல். 1972இல் பிரிட்டனில் எழுதிய வெட்ஸ்டோன் அப்படி வந்த முன்னோடிகளில் ஒன்று.

தமிழில் அளவுகோல், மட்டக்குறி, தரக்குறி என்றெல்லாம் எழுதுகிறார்கள். நில அளவைக்கு மட்டக்குறி கச்சிதம். பிராசசருக்கு என் தேர்வு உரைகல்.

காரணம் சொல்கிறேன். தங்கத்தின் தரம் பார்ப்பவர் கருங்கல்லில் நகையை ஓர் இழுப்பு இழுப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த தங்கத்தையும் அதே போல இழுப்பார். இரண்டு கோடுகளின் நிறத்தையும் வைத்துத்தான் தீர்ப்பு. தெரிந்த ஒன்றோடு தெரியாத ஒன்றை, ஒரே கல்லில், ஒரே விதமாக உரைப்பது: பெஞ்ச்மார்க் செய்வதும் அச்சாக இதுதான். உரைகல்லுக்குக் கட்டளைக்கல் என்றும் பெயர். ‘தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்கிறது குறள் (505). ஆனால் கணினியில் கட்டளை என்றால் நாம் இடும் ஆணை என்று ஆகிவிட்டது. அதனால் உரைகல்லே குழப்பமில்லாதது.

குறள் சொல்லும் அந்தக் ‘கருமம்’, அதாவது செய்துகாட்டும் வேலை, பிராசசருக்கும் பொருந்தும். இன்டெலின் 13ஆம் தலைமுறையில் ஐ7-13700கே மேசைக்கணினிக்கு, ஐ7-1355யு மெல்லிய மடிக்கணினிக்கு. இரண்டும் ஐ7. உச்ச வேகம் ஒன்றுக்கு 5.4 கிகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 5.0. பெட்டியின் மேல் இதை மட்டும் படிப்பவர் வித்தியாசம் சொற்பம் என்றுதான் நினைப்பார். உள்ளே பார்த்தால், முதலாவதில் பெரிய கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) 8, சிறிய கோர் 8. இரண்டாவதில் சிறிய கோர் அதே 8, பெரிய கோர் வெறும் 2. அடிப்படை மின்திறன் முதலாவதற்கு 125 வாட், இரண்டாவதற்கு 15 வாட். பெயரில் கடைசியாக ஒட்டியிருக்கும் ‘கே’, ‘யு’ எழுத்துகளில்தான் விஷயமே இருக்கிறது.

1355யு சிறிது நேரத்துக்கு 55 வாட் வரை போகும். எவ்வளவு நேரம் என்பது மடிக்கணினியைத் தயாரித்தவர் வைத்த அமைப்பையும் உள்ளே இருக்கும் விசிறியையும் பொறுத்தது. சூடு ஏறியதும் வேகம் இறங்கும். ஒரு மடிக்கணினியில் ஒரே சோதனையை ஐந்து முறை இடைவிடாமல் ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் விசிறி மெல்ல எழும். மூன்றாவதுக்குள் இரைச்சல் நிலைத்துவிடும், சோதனை தரும் புள்ளி (ஸ்கோர்) குறையத் தொடங்கியிருக்கும். நல்ல காற்றோட்டமுள்ள மேசைக்கணினியில் ஐந்து ஓட்டமும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் நிற்கும்.

ஆகவே எந்தக் கல்லில் உரைத்தோம் என்பது முக்கியம். கீக்பெஞ்ச் என்ற சோதனை நிரல் சின்னச் சின்னச் சோதனைகளை இடைவெளி விட்டு ஓட்டுகிறது. அதில் ஒற்றைக் கோர் புள்ளியில் மடிக்கணினி மேசைக்கணினிக்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம். சினிபெஞ்ச் ஆர்23 என்ற இன்னொரு நிரல் இயல்பாகவே 10 நிமிடம் எல்லாக் கோர்களையும் வேலை வாங்கும். இரண்டு கணினிகளுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பெரிதாகத் தெரியும். இரண்டுமே உண்மைதான். உலாவியில் பக்கம் திறப்பவருக்கு முதல் புள்ளி பேசும், மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவருக்கு இரண்டாவது. மின்செலவு வேகத்தோடு மட்டுமல்லாமல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவதால், வாட்டைப் பாதியாக்கினால் செயல்திறன் பாதியாகிவிடாது. மடிக்கணினிகள் இவ்வளவு தாக்குப்பிடிப்பது அதனால்தான். புள்ளியைச் சொல்பவர் சார்ஜரில் ஓட்டினாரா, பேட்டரியிலா என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

சரி, சொல்லுக்கு வருவோம். அளவுகோலிலிருந்து வினை பிறப்பதில்லை. உரைகல்லில் வினை கூடவே வருகிறது: ‘இந்த மடிக்கணினியைப் பத்து நிமிடம் உரைத்துப் பார்த்தேன்’ என்று எழுதலாம். ஸ்கோருக்குக்கூட நம்மிடம் பழைய சொல் உண்டு. உரைத்துப் பார்த்துத் தங்கத்துக்குச் சொன்ன அளவின் பெயர் மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்பது அங்கிருந்து வந்ததே. இன்று மாற்று என்றால் வேறு வழி என்றே காதில் விழுவதால் ‘உரைப்புள்ளி’ என்று எழுதிப் பழகிவருகிறேன்.