ஃபோர்க்: தமிழில் ‘கவை’

தரமணியிலோ சிறுசேரியிலோ எந்த மென்பொருள் அலுவலகத்தில் காதைக் கொடுத்தாலும் “ரெப்போவை ஃபோர்க் பண்ணிட்டு பிஆர் போடு” என்பது விழும் (ரெப்போ என்றால் நிரல் களஞ்சியம், பிஆர் என்றால் நம் மாற்றத்தை மூலத்தில் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை). பேச்சில் அது அப்படியே இருக்கட்டும், யாருக்கும் சிரமமில்லை. அதையே தமிழில் கையேடாக எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். தானியங்கி மொழிபெயர்ப்பிடம் விட்டால் ‘முட்கரண்டி’ என்று எடுத்து நீட்டும்.

ஒரு நிரல் களஞ்சியத்தை அதன் வரலாற்றோடு சேர்த்து உங்கள் கணக்குக்குப் படியெடுத்து, அங்கிருந்து தனியாக வளர்ப்பதுதான் ஃபோர்க். மூலக் களஞ்சியம் அதன் போக்கில் போகும், உங்களுடையது உங்கள் போக்கில்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனின் ‘ஃபுர்கா’. வைக்கோல் வாரப் பயன்படும் இரட்டை முனைக் கோல் அது. சாப்பாட்டு மேசைக்கு அது வந்தது வெகு காலம் கழித்துத்தான். கணினிக்குள் 1963இல் மெல்வின் கான்வேயின் கட்டுரை வழியாக நுழைந்தது. ஒரு வேலை இரண்டாகப் பிரிந்து ஒரே நேரத்தில் ஓடுவதை அவர் அப்படிச் சொன்னார். யுனிக்ஸ் இயங்குதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் தன்னைப்போலவே இன்னொன்றை ஈன்றெடுக்கும் அழைப்புக்கு அதுவே பெயரானது.

மென்பொருள் திட்டங்கள் உடைந்து பிரிவதற்கும் அதே சொல் வந்தபோது கொஞ்சம் கசப்பும் ஒட்டிக்கொண்டது. அலுவலக வேலைக்கான ஓப்பன்ஆஃபிஸ் மென்பொருள் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போன 2010இல், அதில் உழைத்த பலர் பிரிந்து லிப்ரேஆஃபிஸைத் தொடங்கினார்கள். பிரிந்தது திரும்பிச் சேர்ந்த கதையும் உண்டு: நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரிலிருந்து 1997இல் பிரிந்த ஈஜிசிஎஸ், 1999இல் அதிகாரபூர்வ ஜிசிசியாகவே ஆகிவிட்டது. 2008இல் நிரல் களஞ்சியங்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப் வந்து ஃபோர்க்கை ஒரு பொத்தானாக்கியதும் சண்டைவாடை போய்விட்டது. இன்று பெரும்பாலும், ஒரு சின்னத் திருத்தம் அனுப்புவதற்கான முதல் படி, அவ்வளவுதான்.

தமிழுக்கு வருவோம். ‘கிளை’ ஆகாது, களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும் பிராஞ்சுக்கு அது போய்விட்டது. ‘நகல்’ என்றால், களஞ்சியத்தை நம் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் குளோனோடு குழம்பும். ‘பிளவு’ கட்சி உடைந்த செய்தி மாதிரி இருக்கிறது. ‘கவட்டை’ பொருளால் சரிதான், ஆனால் சென்னையில் ஒரு கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டு யாரும் சிரிக்காமல் இருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

என் தேர்வு ‘கவை’. மரம் இரண்டாகப் பிரியும் இடமும் கவைதான், இரு முனையாகப் பிரிந்த கொம்பும் கவைதான். ‘கவர்த்தல்’ என்றால் வழி பிரிதல். சர்தார் படேல் சாலை மத்திய கைலாஷில் நேரே அடையாறுக்கும் வலப்புறம் ஓஎம்ஆருக்கும் போகிறதே, அது கவர்வழி. பழந்தமிழில் அப்படிப் பிரியும் வழிக்கு ‘கவலை’ என்றும் பெயர். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்பவனுக்குப் பொருத்தமான பெயர்தான்! இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது குறுந்தொகையின் 324ஆம் பாட்டில் வரும் ‘கவைமக’. இரட்டைப் பிள்ளைகள் என்று பொருள். ஒரே மூலத்தில் பிறந்து, ஒன்றுபோலவே இருந்து, அப்புறம் தனித்தனியாக வளர்பவை. யுனிக்ஸின் அழைப்புக்கும் கிட்ஹப்பின் பொத்தானுக்கும் இதைவிட நெருக்கமாக என்ன சொல்ல?

“கவைக்கு உதவாத பேச்சு” என்று யாராவது கிண்டல் செய்யலாம். அங்கே ‘கவை’க்குத் தேவை, காரியம் என்று பொருள், அது வேறு.

கட்டளைவரியில் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தால் சொல் இன்னும் பிடிபடும். முன்பு பலரும் ‘ஹப்’ என்ற கருவியை வைத்திருந்தார்கள். கிட்ஹப்பின் சொந்தக் கருவியான ‘ஜிஎச்’ 2020 செப்டம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டது. மூலக் களஞ்சியத்தின் குளோன் இருக்கும் கோப்புறையில் நின்று ‘ஜிஎச் ரெப்போ ஃபோர்க்’ என்று அடித்தால், தொலைவில் உங்கள் கணக்கில் கவை உருவாகும். அதற்கு ரிமோட் (தொலைவில் இருக்கும் களஞ்சியத்தைச் சுட்டும் பெயர்) சேர்க்கட்டுமா என்று கேட்கும். சரி என்றால் உங்கள் கவை ‘ஆரிஜின்’ ஆகிவிடும், அதுவரை அந்தப் பெயரில் இருந்த மூலம் ‘அப்ஸ்ட்ரீம்’ என்று மாறிவிடும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இந்தப் பெயர் மாற்றத்தில்தான். மூலத்தில் புதிதாகச் சேர்ந்ததைக் கவைக்குக் கொண்டுவர ‘ஜிஎச் ரெப்போ சிங்க்’, கூடவே கவையின் பெயரும்.

அப்ஸ்ட்ரீமுக்கு ‘தலைமடை’ என்று எழுதலாம் என்பது என் யோசனை. தண்ணீர் முதலில் பாயும் இடம், டெல்டாக்காரர்களிடம் கேட்டால் உடனே புரியும்.

கையேட்டில் வரி இப்படி வரும்: “களஞ்சியத்திலிருந்து ஒரு கவை எடுங்கள், தலைமடையோடு ஒத்திசைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள், பிறகு பிஆர் அனுப்புங்கள்.” பிஆருக்கு என்ன சொல் என்பது தனிப் பஞ்சாயத்து.