முறுக்கு நமுக்கிற ஊர்ல கிரிஸ்டல் மட்டும் தப்பிக்குமா?

தேக்காவுல வாங்குன முறுக்கு பாக்கெட்டை ராத்திரி சரியா கட்டாம வச்சா காலையில நமுத்துப் போயிருக்கும், சிங்கப்பூர்ல இருக்கிறவங்களுக்கு இத சொல்லவே வேணாம். விடியறதுக்கு முன்னாடி இங்க ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டிடும், மழை இல்லாத மத்தியானத்துல 60 பக்கம் இறங்கும். முறுக்குக்கு தண்ணி உள்ள போகுது, சரி. ஃபெரோஎலெக்ட்ரிக் கிரிஸ்டலுக்கு (அதாவது உள்ள பாசிட்டிவ், நெகட்டிவ் முனை இருந்து, வோல்டேஜ் குடுத்தா அதைத் திருப்பி வைக்க முடியுற கிரிஸ்டல்) உள்ள போகாமலே, வெளியில ஒட்டிக்கிட்டே தண்ணி வேலையைக் காட்டிடுது.

இந்த வகைக் கிரிஸ்டல்ல ஒண்ணான பேரியம் டைட்டனேட்டை எடுத்துக்குங்க. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழ ஆறுனதும் அதுல இருக்கிற டைட்டானியம் அயனி நட்டநடுவுல உக்காராம ஒரு பக்கமா லேசா ஒதுங்கிக்கும், அதனால ஒரு முனை பாசிட்டிவ், இன்னொரு முனை நெகட்டிவ். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குன ஏரியாவுக்குப் பேருதான் டொமைன். வோல்டேஜ் குடுத்தா மொத்தமா எதிர்ப்பக்கம் திரும்பிக்கும், வோல்டேஜை எடுத்தாலும் திரும்புன நிலையிலயே நிக்கும், அதனாலதான் மெமரி சிப் பண்றவங்களுக்கு இது மேல ஒரு கண்ணு. (1920-ல வாலசெக்ங்கிற இயற்பியலாளர் இந்தக் குணத்தை முதல்ல பாத்தது ரோஷெல் உப்புல, அது ஈரம் பட்டா கரையுற ஜாதி, அந்தக் கதை வேற.)

இப்ப சிக்கல் எங்கன்னா மேற்பரப்புல. டொமைன் மேல் நோக்கி இருந்தா மேல பாசிட்டிவ் சார்ஜ் நிக்கும், அத ஈடுகட்ட வெளியிலேர்ந்து நெகட்டிவ் வந்து ஒட்டணும், இல்லன்னா அந்த அமைப்பு நிம்மதியா இருக்காது. காத்துல ஈரம் இருந்தா எந்தப் பரப்புலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தண்ணிப் படலம் படிஞ்சிடும், சில மூலக்கூறு கனம்தான், ஆனா ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் அயனிகளை சப்ளை பண்ண அது போதும். டொமைனைத் திருப்புனா இந்த சார்ஜும் ஆள் மாறணும். ரொம்ப வறண்ட காத்துல மாத்த ஆள் கிடைக்காது, அப்ப வோல்டேஜை எடுத்ததும் திருப்புன இடம் பழையபடி திரும்பிடறதும் உண்டு.

இத லேப்ல பாக்கறதுக்கு சில பத்து நானோமீட்டர் கூர்மையுள்ள ஒரு ஊசிமுனையை, அதாவது அட்டாமிக் ஃபோர்ஸ் மைக்ரோஸ்கோப்போட முனையை, கிரிஸ்டல் மேல வச்சு வோல்டேஜ் குடுத்து ஒரு புள்ளி எழுதுவாங்க, அதாவது அந்த இடத்தை மட்டும் எதிர்ப்பக்கம் திருப்புவாங்க. அதே வோல்டேஜ், அதே நேரம், ஆனா லித்தியம் நையோபேட் மாதிரி கிரிஸ்டல்ல ஈரம் கூடுனா புள்ளி குண்டாயிடும். மாப் போட்டு இன்னும் காயாத காரிடார் டைல்ஸ்ல கோலப்புள்ளி வச்சுப் பாருங்க, பரவும்ல, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஊசிக்கும் பரப்புக்கும் நடுவுல தண்ணி ஒரு குட்டிக் கழுத்து மாதிரி நின்னுக்கும், அதோட படலம் வழியா சார்ஜ் பக்கவாட்டுல ஓடும், சார்ஜ் போன இடத்துக்கெல்லாம் டொமைன் சுவரும், அதாவது திரும்புன இடத்துக்கும் திரும்பாத இடத்துக்கும் நடுவுல இருக்கிற எல்லையும், பின்னாடியே நகரும். நெருக்கமா வரிசையா புள்ளி வச்சா இன்னும் வேடிக்கை, முந்தின புள்ளி விட்டுட்டுப் போன சார்ஜ் அடுத்ததை அமுக்கும், அதனால ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு மாறி மாறி வர்றதும் உண்டு. எனக்கு இதுல பிடிச்ச இடமே இதுதான்.

அதனாலதான் துல்லியமா அளக்கணும்னா மூடுன பெட்டிக்குள்ள வறண்ட நைட்ரஜனை ஓடவிட்டு ஈரத்தை கன்ட்ரோல் பண்றாங்க, வெறும் ஏர்கானை நம்பறதில்ல.

சமையல்கட்டுல டிக்குன்னு அழுத்துற கேஸ் லைட்டர்லயும் ஃபெரோஎலெக்ட்ரிக் செராமிக்தான் இருக்கு, அழுத்துனா ஸ்பார்க்குக்கு வேண்டிய வோல்டேஜைக் குடுக்கறது அதுதான், அதோட டொமைனை ஃபேக்டரியிலயே பெரிய வோல்டேஜ் குடுத்து ஒரு பக்கமா நிறுத்திடுவாங்க. பாத்திரம் கழுவுன ஈரக்கையோட அழுத்தி ஸ்பார்க் வரலன்னா டொமைன் திரும்பிடுச்சுன்னு நெனைக்காதீங்க, நுனியில படிஞ்ச தண்ணி வழியா சார்ஜ் கசிஞ்சிருக்கும், தொடைச்சுட்டு அழுத்துனா பத்திக்கும்.