மூன்று பவுண்டுக்கு மேல் வேண்டாம்

போன மாதம் ஒரு பழைய அம்பாசடர் வந்தது. 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், எஸ்.யூ. கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்). "நீடில் வால்வை மூணு தடவை மாத்தியாச்சு தம்பி, ஓவர்ஃப்ளோ நிக்கவே இல்ல" என்றார் ஓனர். பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

இன்ஜினோடு வந்த மெக்கானிக்கல் பம்பைக் கழற்றித் தகடு போட்டு மூடிவிட்டு, டேங்க் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் பம்பை மாட்டியிருந்தார்கள். கார்பரேட்டருக்கு முன்னால் குழாயில் டீ இணைப்பு போட்டு, பெட்ரோலின் அழுத்தம் பார்க்க கேஜ் வைத்தேன். சதுர அங்குலத்துக்கு ஆறு பவுண்டைத் தாண்டி நின்றது முள்.

டயருக்கு 28 பவுண்டு அடிக்கிறோமே, ஆறு என்ன பெரிதா என்று தோன்றும். ஆனால் ஃப்ளோட் சேம்பரில், அதாவது கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சின்னத் தொட்டியில், பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது நீடில் வால்வின் சின்ன ஊசி ஒன்றுதான். அதை மேலே தள்ளிப் பிடிப்பது மிதவை. இரண்டரை, மூன்று பவுண்டு வரை மிதவை தாங்கும். அதற்கு மேல் போனால் ஊசியைத் திறந்துகொண்டு பெட்ரோல் உள்ளே பாயும். புது வால்வு போட்டாலும் இதே கதைதான். இந்த இன்ஜினில் கார்பரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். வழிகிற பெட்ரோல் சுடுகிற இரும்புக்குப் பக்கத்தில் விழும். எனக்குப் பயமே அதுதான்.

பழைய பம்பை வடிவமைத்தவர் கெட்டிக்காரர். இன்ஜின் சுற்றும்போது ஆடும் கேம் நெம்புகோல், டயாபிரம் என்கிற வளையும் சவ்வைக் கீழே இழுக்க மட்டும்தான் செய்யும். பெட்ரோலை மேலே தள்ளுவது ஸ்பிரிங். ஊசி மூடிவிட்டால் டயாபிரம் கீழேயே நிற்கும், நெம்புகோல் சும்மா ஆடும். அதனால் பிரஷர் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டாது. அந்த ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி 'பவர் ஏத்துகிறேன்' என்பவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சித்திரை வெயிலில் வண்டி நின்று, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தவர்கள்தான் பெரும்பாலும் எலெக்ட்ரிக் பம்புக்குப் போகிறார்கள். அதில் நியாயம் உண்டு. சூடான இன்ஜின் பக்கம் இருந்து உறிஞ்சும்போது குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். டேங்க் பக்கமிருந்து தள்ளினால் அந்தத் தொல்லை குறையும். ஆனால் அழுத்தத்தைக் குறைத்து நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டக்கூடாது. கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பு பக்கமே போகாதீர்கள், அது 40 பவுண்டுக்கு மேல் தள்ளுகிற ஜாதி. இன்னொன்று: விபத்தில் இன்ஜின் நின்றாலும் இக்னிஷன் ஆனில் இருந்தால் எலெக்ட்ரிக் பம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் நின்றால் துண்டிக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாகவோ, மோதினால் துண்டிக்கும் சுவிட்ச் வழியாகவோ வயரிங் செய்யச் சொல்லுங்கள்.

'பிரஷர் பத்தல' என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் குறை வேறெங்கோ இருக்கும். ஃபில்டர் அடைப்பு, டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைப்பு, உறிஞ்சும் பக்கம் வெடித்த ரப்பர் குழாய். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு. பழைய ரப்பரும் டயாபிரமும் சீக்கிரம் கெடுகின்றன. இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசம் அடித்து, அளவும் ஏறியிருந்தால் மெக்கானிக்கல் பம்பின் டயாபிரம் கிழிந்திருக்கலாம். அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும்.

அந்த அம்பாசடருக்கு ரெகுலேட்டர் போட்டு இரண்டரையில் நிறுத்தினேன். கழற்றிப் போட்ட மூன்று நீடில் வால்வையும் ஓனர் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். மூன்றில் எதிலும் தேய்மானமே இல்லை.